படத்தைத் திருப்பிப் பாருங்கள்

பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, விவரம் எழுதி, பட்டியலிட்டு வைப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு கண்ணாடி நெகட்டிவ் கையில் வந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலம், கிழக்கு ஐரோப்பாவில் ஒரு கடைத்தெரு, யூதர்கள் நிறைய வாழ்ந்த ஊர். ஸ்கேன் செய்து பதிவேற்றினேன். சில மாதங்கள் கழித்து, ஹீப்ரு எழுத்தில் எழுதப்படும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் தெரிந்த ஒருவர் கடிதம் எழுதினார். கடைப்பலகையில் இருந்த ஹீப்ரு எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கின்றன என்றார். நெகட்டிவில் படம் பதிந்திருக்கும் பூச்சுப் பக்கத்தை மாற்றி வைத்துவிட்டேன். எழுத்து தெரியாததால் பிழை என் கண்ணில் படவில்லை. ஆனால் அந்த மொழி தெரிந்துதான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணிதான் மேலே வரும். அந்தப் படத்தில் இருந்த எல்லா ஆண்களுக்கும் அது வலப்பக்கமாக இருந்தது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து, படத்தில் இருக்கும் சின்னப் பொருள்களிடம்தான் முதலில் போகிறேன். அலுவலகப் படங்களில் இந்தப் பழக்கம் ரொம்பவே கைகொடுக்கும். விசைகள் இருந்தாலே ‘தட்டச்சுப்பொறி’ என்று எழுதிவிடுகிறார்கள். பக்கவாட்டில் கைப்பிடி இருந்து, எண் விசைகள் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கூட்டல் போடும் கருவி. தட்டச்சுப்பொறியிலும் காலம் தெரியும். 1874இல் விற்பனைக்கு வந்த முதல் ரெமிங்டன் வகையில், எழுத்துகள் உருளையின் அடிப்பக்கத்தில் போய் விழும். அடித்த வரியை அப்போதே பார்க்க முடியாது. அண்டர்வுட் போல, அடிக்கும்போதே வரி கண்ணுக்குத் தெரியும் பொறிகள் 1890களில்தான் பரவின. மேசையில் அப்படி ஒன்று இருந்தால் படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஹீப்ரு தட்டச்சுப்பொறி இன்னும் சுவாரசியமானது. எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதால், காகிதம் சுற்றிய உருளை நாம் பழகியதற்கு எதிர்த்திசையில் நகரும்.

இனி ஒரு கனமான விஷயம். 1933 ஜூனில் ஜெர்மனியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. பிரஷ்யப் பகுதியின் படிவங்களைத் துளை அட்டைகளுக்கு மாற்றும் வேலையை டேஹோமாக் என்ற நிறுவனம் பெர்லினில் செய்தது. அது அமெரிக்காவின் ஐபிஎம்முக்குக் கீழ் இயங்கியது. வயது, தொழில், மதம் எல்லாமே அட்டையில் ஒரு துளை. அந்தத் துளைகளை எண்ணிப் பிரிக்கும் ஹொலரித் பொறி ஒன்று இன்று வாஷிங்டனில், நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையை நினைவுகூரும் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தப் பொறியின் படம் கிடைத்ததும் ‘யூதர்களைக் கொன்ற இயந்திரம்’ என்று குறிப்பு எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் படக்குறிப்பில் அப்படி எழுதக் கூடாது. யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்புவதற்கான நாடுகடத்தல் பட்டியல்கள் பல ஊர்களில் காவல்துறைப் பதிவேடுகளிலிருந்தும் சாதாரணக் கார்டுப் பெட்டிகளிலிருந்தும் தயாராயின. துளை அட்டைகளுக்கு அதில் நேரடியாக எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது. என்ன பொறி, எந்த அலுவலகம், எந்த ஆண்டு, அங்கே என்ன வேலை நடந்தது: தெரிந்ததை எழுதினாலே போதும். படிப்பவருக்கு நடுக்கம் வந்துவிடும்.

ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், பதிவேட்டுக் கார்டு என்றால் என்ன என்று மக்களுக்குப் புரிந்திருந்தது. 1941இல் யூதர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஜெர்மானியர் உத்தரவிட்டார்கள். பெரும்பாலோர் போய்ப் பதிந்தார்கள், அரசு அலுவலகம்தானே என்று. 1943 மார்ச் 27 இரவு, ஓவியர் வில்லெம் அரோண்டேயஸும் சிற்பி கெரிட் வான் டெர் வேனும் முன்னின்று திட்டமிட்ட ஒரு குழு, போலீஸ் உடையில் நகரப் பதிவேட்டு அலுவலகத்துக்குள் புகுந்தது. காவலர்களுக்கு மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்திவிட்டு, கார்டுகளை இழுத்துப் போட்டுத் தீ வைத்தார்கள். எரிந்தது ஒரு பகுதிதான். குழுவில் 12 பேரை அந்த ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள். ஆவணத்தைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட நான், ஆவணத்தை எரித்த இவர்களை வணங்குகிறேன்.

போலந்தின் வூஜ் நகர கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், நடந்தது இதற்கு மறுபக்கம். 1940 ஏப்ரல் கடைசியில் ஏறக்குறைய 1,60,000 பேரை உள்ளே வைத்து அடைத்தார்கள். உள்ளேயே ஒரு புள்ளியியல் துறை இருந்தது. ஹென்றிக் ராஸ் அதன் புகைப்படக்காரர். அடையாள அட்டைக்கு முகங்களைப் படமெடுப்பதும் பட்டறைகளைப் படமெடுப்பதும் அவர் வேலை. பலரை ஒரே நெகட்டிவில் நிறுத்தி எடுத்து ஃபிலிமை மிச்சப்படுத்தினார். அந்த ஃபிலிமில் பசியையும், தெருவில் விழுந்துகிடந்தவர்களையும், ரயிலுக்கு நடத்திச் செல்லப்பட்டவர்களையும் ரகசியமாக எடுத்தார். விளையாடும் குழந்தைகளையும் எடுத்தார். 1944இல் அவற்றை மண்ணில் புதைத்தார். விடுதலைக்குப் பின் 1945இல் தோண்டியபோது, சுமார் 6,000 நெகட்டிவ்களில் பாதியை ஈரம் தின்றிருந்தது. மிஞ்சியவை இப்போது டொராண்டோவில், ஒன்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கின்றன. பல படங்களில் ஓரம் அரித்துப்போய், நடுவில் முகம் மட்டும் நிற்கும். அந்த அரிப்பைக் கணினியில் துடைத்து அழகாக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் மறுத்துவிடுவேன். அந்தப் படம் மண்ணுக்குள் கிடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இன்றைய லித்துவேனியாவில் இருக்கும் ஐஷிஷோக் என்ற சிற்றூரை நினைக்காமல் இந்த வேலை எனக்கு ஒரு நாளும் நகராது. 1941 செப்டம்பர் 25, 26 ஆகிய இரண்டு நாள்களில் அங்கிருந்த யூதர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் கொல்லப்பட்டார்கள். உயிர்தப்பிய சிறுமிகளில் ஒருவர் யாஃபா எலியாக். தாத்தா பாட்டி அந்த ஊரில் புகைப்பட நிலையம் வைத்திருந்தவர்கள். பின்னாளில் அவர் பேராசிரியரானார். பல ஆண்டுகள் நாடு நாடாக அலைந்து, ஐஷிஷோக் குடும்பங்களின் படங்களை ஆயிரக்கணக்கில் திரட்டினார். கல்யாணம், பள்ளிக்கூடம், பனிச்சறுக்கு, சைக்கிள். அவற்றில் ஆயிரத்துச் சொச்சம் படங்கள் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் ஒரு கோபுரமாக எழும்பி நிற்கின்றன. இத்தனை படங்கள் பிழைத்ததற்கு ஒரு பெரிய காரணம், முன்பே வெளிநாட்டு உறவினர்களுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள் என்பதுதான். அனுப்பும் படத்தின் பின்னால் நாலு வரி எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். யார், யாருக்கு, எந்த நாள் என்று.

அதனால்தான் எந்தக் குடும்பம் படங்களோடு வந்தாலும், முதலில் திருப்பிப் பாருங்கள் என்கிறேன். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், வெற்றாக இருந்தாலும், ஸ்டுடியோ முத்திரை மட்டும் இருந்தாலும். ஓரத்தை வெட்டாதீர்கள். எழுத வேண்டியிருந்தால் மென்மையான முனையுள்ள பென்சிலால் பின்னால், ஓரமாக, அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பசைத் தாளும் பிளாஸ்டிக் உறையும் உள்ள ஒட்டும் ஆல்பத்தில் படம் இருந்தால் பிய்க்க வேண்டாம். அப்படியே பக்கத்தோடு எடுத்து வாருங்கள். பழைய குறிப்பு தப்பாகத் தெரிந்தாலும் அதை அழிக்காமல், உங்கள் திருத்தத்தைக் கீழே தேதியோடு எழுதுங்கள்.

அப்புறம் பெயர்கள். பெயரை எங்கள் பதிவேட்டில் முழுதாக எழுதிவைக்கிறேன். இணையத்தில் போடும்போது, உயிரோடு இருப்பவரின் பெயரோ முகவரியோ மத விவரமோ இருந்தால் அவரைக் கேட்காமல் வெளியிடுவதில்லை. எத்தனை அவசரம் என்று வந்து நின்றாலும் சரி. அந்த ஆம்ஸ்டர்டாம் கார்டுகளில் இருந்ததும் பெயர், முகவரி, மதம்தான்.