பேக்கப்: காப்புப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்குள் சென்று ‘பேக்கப் இருக்கிறதா?’ என்று கேட்டால், ‘இரண்டு மணி நேரம் நிற்கும்’ என்று விடை வர வாய்ப்புண்டு. மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊர்களில் இச்சொல் முதலில் குறிப்பது யு.பி.எஸ். பேட்டரி தாங்கும் நேரத்தை. கணக்குக் கோப்புகளைப் பார்த்து எடுத்துவைத்த படியைக் குறிப்பது அதற்கு அடுத்துதான். இந்த இருபொருள் நாம் உண்டாக்கியது அன்று. ‘பேக்’ என்பது முதுகு. ‘பேக் அப்’ என்னும் வினை பின்னால் நின்று துணைபுரிவதைக் குறித்தது. முதன்மையானது கைவிடும்போது உதவும் மாற்று என்னும் பெயர்ப்பொருள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேரூன்ற, கணினித் துறையும் அதை எடுத்துக்கொண்டது.

தமிழில் ‘காப்பு நகல்’, ‘காப்புப் பிரதி’ இரண்டும் வழங்குகின்றன. நகல் அரபு மூலத்தது, பிரதி வடமொழி. ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதுவதைப் ‘படியெடுத்தல்’ என்று சொல்லிவந்த மொழிக்குக் ‘காப்புப்படி’ என்பதே இயல்பாகப் பொருந்தும் என்பது என் கருத்து. ‘கா’ என்னும் வினையடியில் பிறந்த காப்பு, நூலின் தொடக்கத்தில் பாடும் செய்யுளுக்கும் ஆடியில் மாரியம்மன் கோயிலில் கட்டும் மஞ்சள் கயிற்றுக்கும் கையில் அணியும் வெள்ளி வளைக்கும் பெயராக நிற்பது. கேடு வருமுன் செய்துகொள்வது என்னும் பொருள் அதில் முன்பே அடங்கியிருக்கிறது. யு.பி.எஸ். தருவதை ‘மின்காப்பு’ என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் தீரும்.

பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை, காப்புப்படி தானாக நிகழும்படி நேரம் குறிக்கும்போது நன்கு தெரிகிறது. இரவு 2 மணிக்கு என்று குறித்துவிட்டுக் கணினியை ‘ஸ்லீப்’ நிலையில், அதாவது துயிலில், விட்டால், நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். செயலி, அதாவது ‘பிராசசர்’, நின்றிருப்பதால் குறித்த பணி தொடங்காது. பனிக்காலத்தைக் கழித்தல் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘ஹைபர்னேட்’, அதாவது ஆழ்துயில், நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தையே துறப்பது. பணிகளுக்கு நேரம் குறிக்க விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலரில், பணிக்காகக் கணினியை எழுப்பும் தெரிவு ‘கண்டிஷன்ஸ்’ பக்கத்தில் உண்டு. ஆனால் பவர் அமைப்பில் ‘வேக் டைமர்’, அதாவது குறித்த நேரத்தில் எழுப்புவது, அனுமதிக்கப்படாவிட்டால் அது பயன்படாது. அந்த அனுமதியும் மின்இணைப்பில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது ஒன்று என இரண்டாக இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. எவரும் தொடாமல் விழித்த விண்டோஸ் கணினி, காப்புப்படி மென்பொருள் தடுத்து நிறுத்தாவிட்டால், இயல்பமைப்பின்படி 2 நிமிடங்களில் மீண்டும் துயிலப் போய்விடும். படி பாதியில் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

மின்காப்பு குறுக்கிடும் இடமும் உண்டு. டாஸ்க் ஷெட்யூலரில் உருவாக்கும் பணி, மின்இணைப்பு இருந்தால்தான் தொடங்கும், பேட்டரிக்கு மாறினால் நின்றுவிடும் என்னும் நிபந்தனைகளோடுதான் பிறக்கிறது. யு.பி.எஸ். கருவியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்திருந்தால் விண்டோஸ் அதைப் பேட்டரியாகவே கொள்வதால், இடியும் மழையுமான ஒரு மாலையில் ஏற்காட்டுக் காப்பித் தோட்ட அலுவலகத்தில் மின்சாரம் போனதும் மேசைக் கணினியின் காப்புப்படியும் நிற்கக்கூடும். அந்தக் கம்பி இல்லையென்றால், மின்வெட்டு நேர்ந்ததே கணினிக்குத் தெரியாது, யு.பி.எஸ். ஓயும்வரை எழுதிக்கொண்டே இருந்து, இடையில் அணைந்துவிடும். இரண்டில் முதலாவதே மேல்.

இக்காரணங்களால் நள்ளிரவைவிட, கணினி எப்படியும் விழித்திருக்கும் மதிய உணவு நேரத்தைக் குறிப்பது நல்லது. ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில், தவறிய பணியை இயன்றவுடன் தொடங்கும் தெரிவையும் இட்டுவிட்டால், 1 மணிக்கு மின்சாரம் இல்லாமல் அணைந்துகிடந்த கணினி, பிறகு இயக்கப்பட்டதும் விடுபட்ட காப்புப்படியைத் தானே எடுக்கும்.