பெனிபிட் ஃபிராட்: தமிழில் எப்படிச் சொல்வது, சட்டத்தில் என்ன பொருள்

பிரிட்டனில் அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவருக்கும் வேலை இல்லாதவருக்குமான மாதக் கொடுப்பனவு), ஹவுசிங் பெனிபிட், பென்ஷன் கிரெடிட் போன்ற கொடுப்பனவுகளைப் பெறுவதற்காகத் தெரிந்தே பொய் சொல்வதும், சொல்லவேண்டியதைத் தெரிந்தே மறைப்பதும் ‘பெனிபிட் ஃபிராட்’. இந்த விளக்கத்தில் எடை கூடிய சொல் ‘தெரிந்தே’. அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் கடன், குற்றம் அல்ல.

பெனிபிட் லத்தீன் வழி வந்தது. ‘நன்று’, ‘செய்’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் சேர்ந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போயின. அரசு தரும் பணத்துக்கு இந்தப் பெயர் நிலைத்ததில் 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நோயுற்றவருக்கும் வேலை இழந்தவருக்கும் அது தந்த தொகையை அந்தச் சட்டமே பெனிபிட் என்றது. சந்தா கட்டியவருக்குச் சேரவேண்டிய பங்கு என்ற பொருள்தான் அதில் இருந்தது. ஃபிராட் லத்தீனின் ‘ஃபிராவுஸ்’ என்பதிலிருந்து வந்தது. வஞ்சனை என்று பொருள்.

தமிழில் என்ன சொல்வது? அகராதியைப் பார்த்து ‘நன்மை மோசடி’ என்று போட்டால் யாருக்கும் விளங்காது. ‘உதவித்தொகை மோசடி’ படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் உதவித்தொகை என்றதும் முதியோர் உதவித்தொகையோ மாணவர் உதவித்தொகையோதான் நினைவுக்கு வரும். மோசடி என்று சேர்த்தால், இடைத்தரகர் முதியவரின் பணத்தைச் சுருட்டிய செய்தி என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். பெனிபிட் ஃபிராட்டில் குற்றம் சாட்டப்படுவது பணம் பெற்றவர்தான். இலங்கைத் தமிழில் ‘நலன்புரி’, ‘கொடுப்பனவு’ இரண்டும் அரச வழக்கில் ஊறிய சொற்கள். ஆகவே ‘நலக்கொடுப்பனவு மோசடி’ என்பதே பொருத்தம். நீளம் என்று தோன்றினால் ‘கொடுப்பனவு மோசடி’ போதும். பேச்சில் ‘களவாக எடுத்த காசு’ என்பார்கள். களவு வேறு சட்டம், வேறு குற்றம். எழுத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முக்கியமானது 1992ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டம். அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. பிரிவு 112: கொடுப்பனவு பெறுவதற்காகப் பொய் என்று தெரிந்தே ஒரு கூற்றைத் தருவது, அல்லது தன் நிலையில் வந்த மாற்றத்தை, அது தொகையைப் பாதிக்கும் என்று தெரிந்தும் அறிவிக்காமல் விடுவது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மட்டும் விசாரிக்கப்படும்; உச்சம் மூன்று மாதச் சிறை. பிரிவு 111ஏ: இதே செயல்களை நேர்மைக்கேடான எண்ணத்தோடு செய்வது. பாரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றம் வரை போகலாம்; உச்சம் ஏழு ஆண்டு. நேர்மைக்கேட்டை எப்படி அளப்பது என்பதை 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு சூதாட்ட விடுதி வழக்கில் தெளிவாக்கியது. அந்த ஆள் உண்மையில் என்ன அறிந்திருந்தார், என்ன நம்பினார் என்பதை முதலில் பார்க்கவேண்டும். அந்த நிலையில் அவர் செய்ததைச் சாதாரண நாணயமான மனிதர்கள் நேர்மைக்கேடு என்பார்களா என்பது அடுத்த கேள்வி. ‘எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை’ என்பது மட்டும் காப்பாற்றாது.

மோசடியோடு ஒட்டியே வரும், ஆனால் அதுவல்லாத இன்னொரு சொல் ‘ஓவர்பேமென்ட்’. தமிழில் மிகைக்கொடுப்பனவு. யூனிவர்சல் கிரெடிட்டில் மிகையாக வந்த பணத்தை, பிழை அலுவலகத்தினுடையதாக இருந்தாலும்கூட, அரசு திருப்பிக் கேட்கலாம். கேட்கிறார்கள் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். கவனக்குறைவால் வந்தது என்றால் மேலே 50 பவுண் சிவில் தண்டம் போடுவார்கள். அதுவும் குற்றப்பதிவு அல்ல.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது சேமிப்புக் கணக்கில். யூனிவர்சல் கிரெடிட்டில் 6,000 பவுண் வரை சேமிப்பைக் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் வருமானம் இருப்பதாகக் கணக்கு வைத்துக் கழிப்பார்கள். 16,000 தாண்டினால் உரிமையே இல்லை. ஊரில் உள்ள காணியும் இதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. சொந்த வீடாக அதில் குடியிருக்காவிட்டால், யாழ்ப்பாணத்துச் சீதனக் காணியின் அந்த ஊர்ச் சந்தை விலையும் உங்கள் மூலதனம்தான். விற்கும் செலவுக்கு 10 சதவீதம் கழிப்பார்கள். சீட்டுக் காசு இன்னொரு சிக்கல். சீட்டுப் பிடிப்பவரின் வங்கிக் கணக்கில் பத்துப் பேருடைய பணம் வந்து போகும். பிறருக்காக வைத்திருக்கும் பணம் உங்கள் மூலதனம் ஆகாது. ஆனால் சீட்டுக் கொப்பி, பெயர்ப் பட்டியல், எடுத்தவர்களுக்கு அனுப்பிய பதிவு எதுவும் கையில் இல்லாவிட்டால் அந்த வாதம் எடுபடாது.

வீட்டுக்கு வரும் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘கம்ப்ளையன்ஸ் இன்டர்வியூ’ என்றால் விவரம் சரிபார்க்கும் சந்திப்பு. ‘இன்டர்வியூ அண்டர் கோஷன்’ என்றால் குற்ற விசாரணை. இதை ‘எச்சரிக்கை நேர்காணல்’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்திருக்கலாம். நேர்காணல் என்றால் வேலைக்குப் போவதுபோல் கேட்கிறது. ‘எச்சரித்து நடத்தும் குற்ற விசாரணை’ என்றால்தான் ஆபத்து விளங்கும். பேச்சு ஒலிப்பதிவு ஆகும். தொடக்கத்தில் சொல்லும் எச்சரிக்கையின் சாரம் இது: நீங்கள் எதுவும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பின்னர் நீதிமன்றத்தில் நம்பப்போகும் ஒன்றை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் உங்கள் வாதம் பாதிக்கப்படலாம், நீங்கள் சொல்வது சாட்சியமாகலாம். கைது செய்யப்படாமல் நீங்களாகப் போயிருந்தால் எழுந்து வெளியேறலாம். சொலிசிட்டரை, அதாவது வழக்கறிஞரை, அழைத்துப்போகலாம். எந்தக் கொடுப்பனவு, எந்தக் காலம், என்ன சந்தேகம் என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். கேள்விக்குக் கேள்வி பதில் சொல்வதற்குப் பதிலாக எழுதிய வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் வழியும் உண்டு.

மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு வாங்கலாம், வாங்கவேண்டும். யாழ்ப்பாணப் பேச்சில் ‘பிழை’ தவறுதலுக்கும் பொருந்தும், குற்றத்துக்கும் பொருந்தும். ‘ஓம், நான் செய்தது பிழைதான்’ என்ற ஒரு வரி ஆங்கிலத்தில் ‘தவறுதலாக நடந்துவிட்டது’ என்றும் போகலாம், ‘குற்றம் செய்தேன்’ என்றும் போகலாம். முதலாவது மறுப்பு, இரண்டாவது ஒப்புதல். ‘மறந்துபோனேன்’, ‘அறிவிக்கவேண்டும் என்று தெரியாது’, ‘தெரிந்தும் சொல்லவில்லை’ என்று நடந்ததை நடந்தபடி பிரித்துச் சொன்னால் மொழிபெயர்ப்பாளருக்கும் தடுமாற்றம் இராது.

விசாரணைக்குப் பிறகு வழக்குக்குப் பதிலாக ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் பெனல்ட்டி’ முன்வைக்கப்படலாம்: நிர்வாகத் தண்டப்பணம். மிகையாகப் பெற்றதில் பாதி. குறைந்தது 350, கூடியது 5,000 பவுண். 6,000 மிகையாக எடுத்தவர் 3,000 தண்டத்தோடு 9,000 கட்டவேண்டும். 400 மட்டும் எடுத்தவருக்கும் தண்டம் 350. ஏற்றால் குற்றத் தீர்ப்பு இல்லை. ஆனால் நான்கு வாரம் கொடுப்பனவு நிறுத்தப்படவோ குறைக்கப்படவோ கூடும். ஒப்பமிட்டபின் மனம் மாற 14 நாள் உண்டு. மறுத்தால் வழக்கு வரலாம். பயத்தில் உடனே ஒப்பமிடுவது நல்லதல்ல: வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இருந்தால்தான் இதை முன்வைக்க முடியும். அந்த ஆதாரம் என்ன என்று சொலிசிட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டால் கொடுப்பனவு இப்படி நிறுத்தப்படும் அல்லது குறைக்கப்படும் காலம் முதல் முறைக்கு 13 வாரம், ஐந்தாண்டுக்குள் இரண்டாவதற்கு 26 வாரம், மூன்றாவதற்கு மூன்று ஆண்டு.

பணக்கணக்கை எதிர்க்கும் பாதை தனி. இவ்வளவு மிகையாகப் பெற்றீர்கள் என்ற தீர்மானம் வந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். அதன் பதில் வந்தபின் தீர்ப்பாயத்துக்குப் போக இன்னொரு மாதம். குற்ற வழக்கு நடக்கிறதே என்று இதை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தொகையின் அளவே தண்டனையைத் தீர்மானிக்கும் முக்கிய அளவுகோல். 2014 முதல் நடைமுறையில் உள்ள தண்டனை வழிகாட்டியில் 2,500, 10,000, 50,000, 1,00,000 பவுண் என்று படிகள் உண்டு. கணக்கு 11,000இலிருந்து 9,000க்கு இறங்கினால் ஒரு படி இறங்கும். சேமிப்பை மறைத்த வழக்குகளில், மிகையாகக் கொடுத்த தொகையை ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சேமிப்பிலிருந்து கழித்துக் கணக்கிடவேண்டும் என்பது விதி. செய்திருக்கிறார்களா என்று சரிபாருங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு கொடுப்பனவுக்கு உரிமை இருந்திருக்கும் என்று காட்டினால் நீதிமன்றம் அதையும் சாதகமாக எடுக்கும். பணத்தை முன்கூட்டியே கட்டுவது தண்டனையைக் குறைக்க உதவும், வழக்கை நிறுத்தாது.

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால், 2007ஆம் ஆண்டின் எல்லைகள் சட்டப்படி, விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, நாடுகடத்தல் ஆணை வரும். அதற்குக் குறைந்த தண்டனையும் குடியுரிமை விண்ணப்பத்தின் நன்னடத்தைப் பகுதியில் கேள்வியாக எழும். ஆகவே சொலிசிட்டரைப் பார்க்கப் போகும் முதல் நாளே விசா நிலையையும் சொல்லிவிடுங்கள். பிரிவு 111ஏயா, 112ஆ என்று வழக்குத் தொடுப்பவர்களோடு அவர் பேரம் பேசும்போது அது கணக்கில் இருக்கவேண்டும்.