49 தண்டுகளும் நிலைக்காத யோகமும்

சீனத்தின் பழைய குறிநூலான யீ ஜிங்கைக் கொண்டு குறி பார்ப்பதற்கு, யாரோ என்னும் செடியின் உலர்ந்த தண்டுகள் 50 வேண்டும். (செடியின் பெயரே அதுதான், பெயர் தெரியாத குறை அல்ல.) ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிட்டு, மீதி 49 தண்டுகளை எண்ணிப் பார்க்காமல் இரண்டு கட்டுகளாகப் பிரிக்கிறார்கள். வலப்பக்கக் கட்டிலிருந்து ஒரு தண்டை எடுத்து இடக்கைச் சுண்டுவிரலிடுக்கில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கட்டையும் நான்கு நான்காக எண்ணிக் கழித்தால், எஞ்சுபவையும் விரலிடுக்கில் இருப்பதும் சேர்ந்து 5 ஆகவோ 9 ஆகவோதான் வரும்; மீதி வராத கட்டில் கடைசி நான்கையே மீதியாகக் கொள்வது மரபு. அவற்றை விலக்கிவிட்டு இதே வேலையை இன்னும் இருமுறை செய்தால், கையில் 24, 28, 32, 36 ஆகியவற்றுள் ஒன்றே நிற்கும். நான்கால் வகுக்க 6, 7, 8, 9 கிடைக்கும். பழைய உரையொன்றின் சுருக்கமான குறிப்பிலிருந்து இம்முறையை 12ஆம் நூற்றாண்டில் மீட்டமைத்தவர் ஜூ ஷி என்ற அறிஞர்.

ஒற்றைப்படை எண் முறியாத யாங் கோடு. இரட்டைப்படை எண் நடுவில் முறிந்த யின் கோடு. இப்படி ஆறு கோடுகளைக் கீழிருந்து மேலாக அடுக்கினால் 64 குறிகளுள் ஒன்று உருவாகும். 7, 8 இளமையானவை என்பதால் நிலைத்திருக்கும். 9, 6 முதிர்ந்துவிட்டவை என்பதால் தம் எதிர்க்கோடாகப் புரண்டு, இரண்டாவது குறியொன்றை உண்டாக்கும்.

தண்டுகளுக்கு எதிர்காலம் தெரியும் என்பதற்குச் சான்று இல்லை; அவற்றின் கணக்குதான் வியப்பளிக்கிறது. கட்டுகள் தற்செயலாகப் பிரிகின்றன என்று கொண்டால், 16 வாய்ப்புகளில் 6 ஒருமுறையும், 7 ஐந்து முறையும், 8 ஏழு முறையும், 9 மூன்று முறையும் வரும். யாங், யின் இரண்டுக்கும் எட்டெட்டு வாய்ப்புகள்தாம் என்றாலும், யாங்கின் எட்டில் மூன்று புரள, யின்னின் எட்டில் ஒன்றே புரள்கிறது. ஆறு கோடுகளுமே அசையாதிருக்கும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 18 மட்டுமே.

செழிப்பைச் சொல்லும் 11ஆம் குறியில் மூன்றாம் கோடு 9 ஆக விழுந்தால், சரிவில்லாத சமவெளி இல்லை என்ற வரியைப் படிக்க வேண்டும். அதன் ஆறு கோடுகளும் புரண்டால் கிடைப்பது தேக்கத்தைச் சொல்லும் 12ஆம் குறி.

ஒரு குறிக்குத் தண்டுகளை 18 முறை பிரித்து எண்ண வேண்டியிருப்பதால், இன்று பலரும் மூன்று நாணயங்களைச் சுண்டுகிறார்கள். ஆறு வீச்சில் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அதில் 6, 9 இரண்டுக்கும் 8இல் 1 என்ற ஒரே வாய்ப்புதான், யாங் மும்மடங்கு எளிதில் புரளும் சாய்வு அதில் இல்லை.