பானெட்டைத் திறந்து அந்தச் சிவப்பு ஒயரைப் பாருங்கள்

போன மாம்பழ சீசனில் ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போதே கருகல் வாடை அடித்திருக்கிறது. ஏற்றத்தில் கிளட்ச் வாடையாக இருக்கும் என்று ஓட்டுபவர் விட்டுவிட்டார். தர்மபுரி தாண்டியதும் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. கூட வந்த மச்சான் விவரமானவர். உடனே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டார். அதனால்தான் அந்தக் காரை நான் கிருஷ்ணகிரியில் பார்க்க முடிந்தது.

கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். என்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தகட்டில் டிரில் போட்டு, அந்த ஓட்டை வழியாக, பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபயர்) பேட்டரியிலிருந்து போகும் ஒயரை அப்படியே இழுத்திருந்தார்கள். ரப்பர் போடவில்லை. வண்டி அதிர அதிர, தகட்டின் விளிம்பு பல மாதமாக ஒயரின் தோலை அறுத்திருக்கிறது. அன்றைக்கு உள்கம்பி பாடியைத் தொட்டுவிட்டது. ஓட்டையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தோல் உருகி, தரைக் கார்ப்பெட்டோடு ஒட்டிக் கிடந்தது.

ஃபியூஸ் போட்டிருந்தார்கள். ஆனால் டிக்கியில், ஆம்ப்புக்குப் பக்கத்தில். அது எரியவே இல்லை, எப்படி எரியும்? மின்சாரம் அதுவரைக்கும் போனால்தானே! பாதி வழியிலேயே பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பிவிட்டது.

இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மெயின் ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்கு இல்லை, ஒயரைக் காப்பாற்றுவதற்கு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒன்றரை அடிக்குள் அது இருக்க வேண்டும். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காது, சரி. ஆனால் ஷார்ட் ஆனால் கார் பேட்டரி ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். ஒயர் ஹீட்டர் சுருள் மாதிரி பழுத்துவிடும்.

அடுத்தது ஒயர். 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) ஆம்ப், மின்சாரத்தை வீணாக்காத கிளாஸ் டி வகையாக இருந்தால், முழு வேகத்தில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். டிக்கி வரை 5 மீட்டர் ஓடும் ஒயருக்கு நான் 4 கேஜ் தடிமனில் சுத்தக் காப்பரும் 60 ஆம்பியர் ஃபியூஸும் போடுவேன். மலிவான கிட்களில் வருவது பெரும்பாலும் அலுமினியத்துக்கு மேல் காப்பர் பூச்சு. அலுமினியத்தின் மின்தடை காப்பரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள்: வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய காப்பர், அது நல்ல சரக்கு.

ஆம்ப்பின் மைனஸைக் கார் பாடியோடு இணைக்கும் எர்த் ஒயரும் அதே தடிமனில், முடிந்த அளவு குட்டையாக. பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் போல்ட் போட்டு முறுக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று சத்தம் ஏறினால், நான் முதலில் கை வைப்பது எர்த்தில்தான்.

பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்தான் சப்வூஃபர், சுருக்கமாக சப். அதன் இணைப்பில் அடிக்கடி பார்க்கும் தப்பு ஓம் கணக்கு, அதாவது மின்தடைக் கணக்கு. உள்ளே இரண்டு கம்பிச் சுருள் (காயில்), சுருளுக்கு 4 ஓம் உள்ள சப்பை சீரியஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டினால் 8 ஓம். பேரலலில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துக் கட்டினால் 2 ஓம். அப்படிப்பட்ட இரண்டு சப்பின் நாலு சுருளையும் பேரலலில் கட்டினால் 1 ஓம்தான் மிஞ்சும். ஆம்ப்பில் 'குறைந்தது 2 ஓம்' என்று போட்டிருந்தால் அது கொதிக்கும், ஆபத்தைக் காட்டும் பிரொடெக்ட் லைட் எரியும், கடைசியில் போய்விடும். "ஆம்ப் டூப்ளிகேட்டுண்ணா" என்று வருபவர்களின் வண்டியில் பல நேரம் இந்தக் கணக்குதான் தப்பியிருக்கும். அந்த இரண்டு சப்புக்கும், ஒவ்வொன்றின் சுருள்களையும் சீரியஸில் கட்டி, அப்புறம் இரண்டையும் பேரலல் செய்தால் 4 ஓம் வரும். அந்த ஆம்ப் நிம்மதியாக ஓடும்.

ஸ்பீக்கர் மட்டும் மாற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்டீரியோ செட் பெட்டியில் '50 வாட் × 4' என்று இருந்தாலும், தொடர்ந்து வருவது சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, ஏறக்குறைய 20 வாட்தான். ஆகவே ஸ்பீக்கரின் வாட்டைப் பார்க்காமல் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள், அதாவது ஒரே வாட்டில் அது எவ்வளவு சத்தம் தரும் என்பதை. 90 டெசிபெல்லுக்கு மேல் இருந்தால் ஆம்ப் இல்லாமலே நன்றாகப் பாடும். கம்பெனி ஒயரை வெட்டவிடாதீர்கள், அதில் அப்படியே செருகும் கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். டிக்கியில் சப் பெட்டியைச் சும்மா வைக்காமல் போல்ட் போட்டு இறுக்குங்கள். சடன் பிரேக்கில் 20 கிலோ பெட்டி பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள் மேல்தான் வந்து மோதும்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஆம்ப் இருந்தால் இன்றைக்கே பானெட்டைத் திறங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் அந்தச் சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் ஹோல்டர் கையில் தட்டுப்படவில்லை என்றால், டெர்மினலிலிருந்து அந்த ஒயரை மட்டும் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். ஃபியூஸ் போடும் வரைக்கும் பேஸ் இல்லாமல் பாட்டு கேட்டுக்கொள்ளலாம்.