ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் ஊருக்குச் சொல்ல வேண்டும்: ஆஸ்திரேலிய செனட்டின் 'மரே உத்தரவு'

ஆஸ்திரேலிய மத்திய அரசின் ஒரு துறை தனியார் நிறுவனத்துக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. யாருக்குக் கொடுத்தார்கள், எதற்கு, எவ்வளவு பணம் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். மனு எழுத வேண்டாம், கட்டணம் கிடையாது, குடியுரிமை இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்பதில்லை. இந்த வசதிக்குப் பின்னால் ஒரு செனட்டரின், அதாவது நாடாளுமன்ற மேலவை உறுப்பினரின், பல வருடப் பிடிவாதம் இருக்கிறது.

அவர் ஆண்ட்ரூ மரே. மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர், ஆஸ்திரேலிய டெமாக்ரட்ஸ் என்ற சிறிய கட்சியின் சார்பில் 1996 முதல் 2008 வரை செனட்டில் இருந்தார். அரசு வேலைகள் வேகவேகமாகத் தனியார் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஓர் ஒப்பந்தத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தால் 'வணிக ரகசியம்' என்று சொல்லிப் பதிலை முடித்துவிடுவது வழக்கமாகியிருந்தது. வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்க மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களே வெறுங்கையோடு திரும்பினார்கள் என்றால், சாதாரண ஆளுக்கு என்ன கிடைத்திருக்கும்?

இதை மாற்ற மரே கொண்டுவந்த தீர்மானத்தை செனட் 2001 ஜூன் 20 அன்று நிறைவேற்றியது. இது சட்டம் இல்லை, செனட் போட்ட நிரந்தர உத்தரவு. கீழவையில் அரசுக்குப் பெரும்பான்மை இருக்கும், ஆனால் விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கப்படும் செனட்டில் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் சிறிய கட்சிக்காரர் ஒருவர் எதிர்க்கட்சியையும் சேர்த்துக்கொண்டு அரசின்மேல் இப்படி ஒரு கடமையைச் சுமத்த முடிந்தது.

உத்தரவு சொல்வது இதுதான். 1,00,000 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் துறைகள் இணையத்தில் பட்டியலிட வேண்டும். கடந்த 12 மாதங்களில் போட்டவையும் வரும், முன்பே போட்டு இன்னும் வேலை முடியாதவையும் வரும். ஒப்பந்ததாரர் யார், தொகை எவ்வளவு, என்ன வேலை, எப்போது ஆரம்பம், எவ்வளவு காலம் என்று எல்லாம் இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, அதாவது நிதியாண்டும் நாட்காட்டி ஆண்டும் முடிந்து இரண்டு மாதத்துக்குள், பட்டியல் போட்டாயிற்று என்று அமைச்சர் செனட்டில் கடிதம் வைக்க வேண்டும்.

ஆனால் உத்தரவின் உயிர் வேறொரு வரியில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி ஏதாவது உண்டா, உண்டென்றால் என்ன காரணம் என்றும் துறை எழுத வேண்டும். அதுவரை 'ஏன் காட்ட மாட்டீர்கள்' என்று நாம் வாதாட வேண்டியிருந்தது. இப்போது 'ஏன் மறைக்கிறோம்' என்று அவர்கள் விளக்க வேண்டும். வெறுமனே 'வணிக ரகசியம்' என்றால் போதாது. எந்தத் தகவல் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அது வணிக ரீதியில் முக்கியமானதாக இருக்க வேண்டும். வெளியிட்டால் அதற்கு உரியவருக்கு நியாயமற்ற நஷ்டம் வர வேண்டும். ரகசியமாக இருக்கும் என்ற புரிதலில் கொடுத்ததாக இருக்க வேண்டும். நான்கும் பொருந்தினால்தான் மறைக்கலாம். துறைகள் இதை ஒழுங்காகச் செய்கின்றனவா என்று தலைமைத் தணிக்கையாளர் பார்ப்பதற்கும் உத்தரவிலேயே இடம் வைத்தார்கள். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பட்டியல் சீக்கிரமே வெறும் சடங்காகியிருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, எங்கே பார்ப்பது? ஆரம்பத்தில் ஒவ்வொரு துறையும் தன் இணையதளத்தில் தனித்தனியாகப் போட்டது. இப்போது 'ஆஸ்டெண்டர்' என்ற அரசுத் தளத்தில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. இதே தளத்தில் 10,000 டாலரிலிருந்தே துறைகள் தங்கள் ஒப்பந்தங்களைப் பதிய வேண்டும் என்று கொள்முதல் விதிகளும் சொல்கின்றன. நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரு பதிவைத் திறந்தால் துறையின் பெயர், தொகை, காலம், டெண்டர் எல்லோருக்கும் திறந்திருந்ததா அல்லது குறிப்பிட்ட ஆளிடம் மட்டும் கேட்டார்களா என்பது வரை வரிசையாக வரும். இரண்டு இடங்களில் கொஞ்சம் நில்லுங்கள். ஒன்று, ரகசியக் காப்பு என்ற வரிக்கு நேரே 'ஆம்' இருக்கிறதா, இருந்தால் என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்பது. இன்னொன்று, திருத்தங்கள். 90,000 டாலரில் ஆரம்பித்த ஓர் ஆலோசனை வேலை மூன்று திருத்தத்துக்கு அப்புறம் 4,00,000 டாலரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தப்பு நடந்தது என்று அதை வைத்தே சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் செனட்டருக்கு எழுத அது நல்ல கேள்வி. அரசுச் செலவுகளை ஆராயும் செனட் மதிப்பீட்டுக் குழு கூடும்போது துறை அதிகாரிகளை நேரில் உட்காரவைத்து செனட்டர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். கையில் பதில் இல்லாத அதிகாரி பிறகு எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தின் முழு வாசகம் பட்டியலில் வராது. அது வேண்டுமென்றால் 1982 தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி தனியாகக் கேட்க வேண்டும். எந்த ஒப்பந்தம் என்று துல்லியமாகக் குறிப்பிட இந்தப் பட்டியல் உதவும்.

ஒப்பந்த விவரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பசிபிக் கடலில் உள்ள நவுருவிலும் மானுஸ் தீவிலும் ஆஸ்திரேலியா வைத்திருந்த தடுப்பு முகாம்களில் ஈழத்தமிழ் அகதிகளும் அடைபட்டிருந்தார்கள். அந்த முகாம்களை நடத்தியதும் ஒப்பந்த நிறுவனங்கள்தான். 2017 ஜனவரியில் வெளிவந்த தணிக்கை அறிக்கை, அவற்றுக்காகச் செய்த செலவில் சுமார் 110 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்த அதிகாரிகளுக்கு அதற்கு வேண்டிய அதிகாரமே இல்லை என்று எழுதியது.

மரே இதோடு நிற்கவில்லை. முறைகேட்டை அம்பலப்படுத்தும் ஊழியர்களைக் காக்கத் தனிநபர் மசோதாக்கள் கொண்டுவந்தார். மத்திய அரசு ஊழியர்களுக்கான அந்தப் பாதுகாப்புச் சட்டம் 2013இல், அவர் செனட்டை விட்டுப் போன பிறகுதான் வந்தது. நான்கு வயதில் இங்கிலாந்திலிருந்து அன்றைய ரொடீசியாவுக்கு (இன்றைய ஜிம்பாப்வே) கப்பலேற்றி அனுப்பப்பட்ட குழந்தை அவர். தன்னைப் போலக் குழந்தையாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி செனட் விசாரிக்கவும் பாடுபட்டார். அப்படி வந்த அறிக்கையும் ஒப்பந்தப் பட்டியலும் ஒரே வருடத்தில், 2001இல், கைகூடின.