இண்டக்‌ஷன் அடுப்பில் ஃபியூஸ் போனால் கம்பி வைத்துக் கட்டாதீர்கள்

போன வாரம் ஒரு அக்கா தன் இண்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "தம்பி, ஃபியூஸ்தான் போயிருக்குன்னு பக்கத்து வீட்டுப் பையன் சரிபண்ணிக் குடுத்தான். பிளக்கைப் போட்டதும் டமார்னு சத்தம். வீட்டுல மெயினே டிரிப் ஆயிருச்சு" என்றார்.

திறந்து பார்த்தேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியை நாலைந்து இழை முறுக்கிச் சால்டர் வைத்திருந்தார்கள். ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் என்ற பாகம் இரண்டாகப் பிளந்திருந்தது. போர்டின் அடியில் செம்புத் தடம் எரிந்து பெயர்ந்து, அந்த இடமே கரியாகிப் போயிருந்தது. ஃபியூஸ் போனதுமே அப்படியே எடுத்து வந்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். இப்போது போர்டையே மாற்ற வேண்டிய நிலை. அக்கா பிளக்கைப் போட்டபோது கை அடுப்புக்கு அருகில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இண்டக்‌ஷன் அடுப்பில் ஃபியூஸ் தானாகப் போவது மிக அரிது. உள்ளே ஏதோ ஒன்று ஷார்ட் ஆனதால்தான் அது உருகுகிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி, பிரிட்ஜ் வழியாக டிசி ஆகும்போது உச்சத்தில் 325 வோல்ட் வரை போகும். அந்த டிசியை ஐ.ஜி.பி.டி. என்கிற மூன்று கால் ஸ்விட்ச், நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல், பாத்திரத்துக்கு அடியில் இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருளுக்குள் விட்டு விட்டு அனுப்புகிறது. பாத்திரம் சூடாவது அதனால்தான். அந்த ஐ.ஜி.பி.டி. ஷார்ட் ஆகிவிட்டால் மொத்த மின்சாரமும் தடையில்லாமல் பாயும். அதை நிறுத்த அங்கே இருப்பது ஃபியூஸ் ஒன்றுதான்.

கண்ணாடி ஃபியூஸாக இருந்தால் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பேன். உள்ளே கறுப்பாகவோ வெள்ளிப் பூச்சு மாதிரியோ படிந்திருந்தால் கடுமையான ஷார்ட் என்று அர்த்தம். அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது ஐ.ஜி.பி.டி.யையும் பிரிட்ஜையும். ஃபியூஸுக்குப் பக்கத்தில் வட்டமான வில்லை ஒன்று, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். அதை எம்.ஓ.வி. என்போம். அது வெடித்திருந்தால் வெளியிலிருந்து அதிக வோல்டேஜ் வந்திருக்கிறது. தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட வந்துவிடும். அந்த மாதிரி நேரத்தில் எம்.ஓ.வி.யும் ஃபியூஸும் தங்களைப் பலி கொடுத்து, மற்ற பாகங்களைப் பல தடவை காப்பாற்றிவிடும்.

இனி தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு. ஐ.ஜி.பி.டி. ஷார்ட் என்று கண்டதும் புதிதை மாட்டி, நேராக லைனில் போட்டுப் பார்க்காதீர்கள். தொழில் பழகிய நாட்களில் ஒரே அடுப்பில் இரண்டு ஐ.ஜி.பி.டி.யை நான் இழந்திருக்கிறேன். முதலாவது போட்டதும் வேலை செய்தது, மூன்றாம் நாள் திரும்பி வந்தது. இரண்டாவது பாத்திரம் வைத்த நொடியிலேயே வெடித்தது. காரணம் தேட அரை நாள் பிடித்தது. கடைசியில் பார்த்தால் 330 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஓப்பன், அதாவது உள்ளுக்குள்ளேயே தொடர்பு அறுந்திருந்தது.

பார்ப்பதற்கு அது புத்தம் புதிதாக இருந்தது. கறுக்கவில்லை, வண்ணக் கோடுகூட மங்கவில்லை. காயிலின் இரண்டு முனைகளிலும் உள்ள வோல்டேஜைக் குறைத்து, அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் கம்பேரட்டர் ஐ.சி.க்குக் காட்டுவது இந்த மாதிரிப் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்கள்தான். அதை வைத்துத்தான் ஐ.ஜி.பி.டி.யை எந்தக் கணத்தில் ஆன் செய்வது என்று போர்டு முடிவு செய்கிறது. ரெசிஸ்டரின் அளவு மாறினால் கணக்கு தப்பும். தப்பான நேரத்தில் ஆன் ஆகும் ஐ.ஜி.பி.டி. சூடேறிச் சாகும். போர்டில் இருக்கும்போதே மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். எழுதிய மதிப்பைவிடக் கூடுதலாகக் காட்டினால் யோசிக்கவே வேண்டாம், ரெசிஸ்டர் போய்விட்டது. குறைவாகக் காட்டினால் மற்ற பாகங்களும் சேர்ந்து காட்டலாம், ஒரு காலைக் கழற்றி மறுபடி அளக்க வேண்டும். கூடவே இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களையும் அளந்துவிடுங்கள். ஃபில்டரில் இருப்பது பெரும்பாலும் 5 மைக்ரோ ஃபாரட், காயிலோடு சேர்ந்திருப்பது 0.3 மைக்ரோ ஃபாரட் அளவில் இருக்கும். உப்பியிருந்தாலோ அளவு இறங்கியிருந்தாலோ மாற்றிவிடுவதே நல்லது.

அப்புறம் சீரிஸ் பல்பு, அதாவது லைனுக்கும் அடுப்புக்கும் நடுவில் தொடராகக் கட்டும் பல்பு. 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. முதலில் ஐ.ஜி.பி.டி. இல்லாமலே போர்டுக்கு சப்ளை கொடுத்து, 18 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சரியாக வருகிறதா, ஐ.ஜி.பி.டி.யை ஆன் செய்யும் காலான கேட் இருக்கும் இடத்தில் ஸ்டாண்ட்பையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பேன். அதன்பிறகுதான் புது ஐ.ஜி.பி.டி.யை மாட்டுவேன். சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்கில் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் தடவி, திருகை முறுக்கி, மறுபடியும் சீரிஸ் பல்பில் போடுவேன். பல்பு பளிச்சென்று எரிந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. எரியாமல் ஸ்டாண்ட்பை லைட் மட்டும் வந்தால் தைரியமாக லைனுக்குப் போகலாம். ஐ.ஜி.பி.டி.யைத் தெரிந்த கடையில் வாங்குங்கள். பழையதைச் சுரண்டி மேலே புது நம்பர் அடித்த சரக்கு சந்தையில் புழங்குகிறது.

வீட்டில் இருப்பவர்கள் இதில் எதையும் செய்து பார்க்கக் கூடாது. இந்தப் போர்டு முழுக்க நேரடி லைனோடு சேர்ந்தது. பட்டன் இருக்கும் சின்னப் போர்டிலும் ஷாக் அடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், கெட்ட போர்டில் கெப்பாசிட்டர் சார்ஜோடு நிற்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்ப் இழுக்கும். அதைக் கன்வர்ட்டர் பிளக் மாட்டி மிக்ஸி போடும் 6 ஆம்ப் சாக்கெட்டில் செருகுகிறார்கள். சாக்கெட் உருகிக் கறுத்துப்போன வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 16 ஆம்ப் பாயின்ட் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதற்கேற்ற ஒயரோடு ஒன்று இழுத்த பிறகு அடுப்பு வாங்குங்கள்.

சமைத்து முடித்ததும் சுவர் ஸ்விட்சை உடனே அணைக்காதீர்கள். அடுப்பை ஆஃப் செய்த பின்னும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி உள்சூட்டை வெளியேற்றும், அது நிற்கும்வரை விடுங்கள். மேல் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால், மெல்லியதாக இருந்தாலும், பயன்படுத்தக் கூடாது. பொங்கிய பால் அதன் வழியே நேராகப் போர்டில் இறங்கும். கரப்பான் பூச்சியும் பெரிய தொல்லை. உள்ளே இருக்கும் கதகதப்புக்காக ஃபேன் ஓட்டை வழியாகப் புகுந்து குடும்பம் நடத்தும். அதன் எச்சத்தில் ஈரம் பட்டால் மின்சாரம் பாயும். நான் திறக்கும் அடுப்புகளில் பலவற்றில் முதல் வேலையே பெயின்ட் பிரஷ்ஷால் கரப்பானைத் தட்டிச் சுத்தம் செய்வதுதான். இரவில் அடுப்பைத் துடைத்து, ஆறியதும் ஒரு துணிப்பைக்குள் போட்டு வைத்தாலே போதும்.

அந்த அக்காவுக்கு வேறு போர்டு போட்டு, இரண்டு லிட்டர் தண்ணீரை மூன்று தடவை கொதிக்க வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். எரிந்த போர்டையும் கம்பியோடு கவரில் போட்டுக் கையில் தந்தேன், பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டச் சொல்லி. மறுநாள் அந்தப் பையனே கடைக்கு வந்தான். "அண்ணே, சீரிஸ் பல்பு எப்படிக் கட்டுறது?" என்று கேட்டான். உட்கார வைத்துக் கட்டிக் காட்டினேன்.