கோல்ட் லீஃப் பெட்டியில் மாலுமி சிறுத்த கதையும் வன்னிக் கடைக்காரருக்கான சட்டமும்

மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்காக ஒரு தேத்தண்ணிக்கடையில் காத்திருந்தால் இதைக் கவனிக்கலாம். “அண்ணை, ஒரு கோல்ட் லீஃப் தாங்கோ” என்று ஆட்கள் வருவார்கள். கடைக்காரர் மேல்தட்டில் இருக்கும் சிகரெட் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். வந்தவர் கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார். பெட்டியை முழுதாக வாங்குகிறவர் குறைவு. பெட்டியில் அச்சிட்ட நோய்ப் படத்தை நாள் முழுக்கப் பார்ப்பவர் கடைக்காரர் மட்டும்தான். அந்தப் படத்துக்காக ஒரு வழக்கு நடந்து, நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது.

முதலில் பெட்டியின் கதை. கோல்ட் லீஃபின் முழுப்பெயர் ஜோன் பிளேயர் கோல்ட் லீஃப். ஜோன் பிளேயர் என்பவர் 1877இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் ஒரு புகையிலை வியாபாரத்தை வாங்கினார். தாடி வைத்த மாலுமியின் தலை 1883இல் அவரது கம்பனியின் வணிகச் சின்னமானது. சுற்றியுள்ள உயிர்காப்பு வளையம் பிறகு வந்தது. அந்தக் காலப் பெட்டி மெல்லிய தாளால் ஆனது, சட்டைப்பையில் நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். 1893 முதல் பிளேயர் கம்பனி அந்த அட்டைகளில் படம் அச்சிட்டுக் கொடுத்தது. படத் தொகுதியை நிரப்புவதற்காகவே சிகரெட் வாங்கியவர்கள் உண்டு. படம் ஆளை இழுக்கும் என்பது கம்பனிகளுக்கு அப்போதே தெரியும்.

நொட்டிங்காம் மாலுமி இங்கே வந்த வழி இதுதான். 1901இல் பிளேயர் உள்ளிட்ட பிரித்தானியக் கம்பனிகள் சேர்ந்து இம்பீரியல் டொபாக்கோவை உருவாக்கின. அடுத்த வருடம் அது அமெரிக்கப் போட்டியாளருடன் சமரசம் செய்தபோது, வெளிநாட்டுச் சந்தைகளுக்கென்று பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ பிறந்தது. அதன் துணை நிறுவனம்தான் நமது சிலோன் டொபாக்கோ கம்பனி.

சரி, சட்டத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை 2003இலேயே ஏற்றது. எச்சரிக்கை பெட்டியின் முகப்பில் குறைந்தது 30 வீதமாவது இருக்கவேண்டும், 50 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது என்கிறது அது. ‘லைட்’, ‘மைல்ட்’ போன்ற சொற்கள் ஆட்களை ஏமாற்றக்கூடியவை என்றும் சொல்கிறது. 2006இல் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை அதன் கீழ் அமைந்தது. தார், நிக்கொட்டின் அளவையும் சுகாதார எச்சரிக்கையையும் பெட்டியில் அச்சிட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது.

2012இல் சுகாதார அமைச்சு ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. பெட்டியின் 80 வீதத்தில் படத்துடன் எச்சரிக்கை வரவேண்டும் என்றது அது. சிலோன் டொபாக்கோ கம்பனி நீதிமன்றம் போனது. படம் வேண்டும், ஆனால் அளவு 50 முதல் 60 வீதம் வரை போதும் என்று 2014இல் முடிவானது. ஆகவே 2015 தொடக்கத்தில் 60 வீதப் படத்துடன் பெட்டிகள் வந்தன. அதே வருடம் 3ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நாடாளுமன்றம் அளவை மறுபடி 80 வீதமாக்கியது. மாலுமிக்கும் கம்பனிப் பெயருக்கும் மிஞ்சியது 20 வீதம்தான். எச்சரிக்கை மூன்று மொழியிலும் இருப்பதால் தமிழ் மட்டும் தெரிந்த கிழவருக்கும் விளங்கும், பெட்டி அவர் கைக்கு வந்தால்.

கடைக்காரர் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டியது வயது விதி. 21 வயதுக்குக் குறைந்த யாருக்கும் சிகரெட், பீடி, சுருட்டு எதையும் விற்கக்கூடாது. பலர் 18 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்களில் பெரிய சிக்கல் வேறு. பத்து வயதுப் பொடியன் சைக்கிளில் வந்து “அப்பாவுக்குத்தான் மாமா” என்பான். அப்பாவைக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும், கொப்பியில் கணக்கும் இருக்கும். ஆனாலும் சட்டம் பார்ப்பது பொருளைக் கையில் வாங்குகிறவரின் வயதை, புகைக்கப் போகிறவரின் வயதையல்ல. பிடிபட்டால் குற்றம் விற்றவர் மீதுதான். “அப்பாவையே வரச் சொல்லு” என்று பொடியனைத் திருப்பி அனுப்புங்கள். கோபம் வந்தாலும் இரண்டு நாளில் ஆறிவிடும். வயதில் சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். 21க்குக் குறைந்தவர்களுக்கு விற்பனை இல்லை என்ற அறிவித்தலையும் கடையில் தெரியும்படி வைக்கவேண்டும். பல கடைகளில் அது சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

அடுத்தது கடைக்குள் புகைப்பது. மூடிய பொது இடங்களில் புகைக்கவும் கூடாது, புகைக்க விடவும் கூடாது. ‘விடவும்’ என்ற சொல் முதலாளியைத்தான் குறிக்கிறது. 30 அறைகளுக்குக் குறையாத ஹோட்டல், 30 பேராவது இருந்து சாப்பிடக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகியவை மட்டும் தனிப் பகுதி ஒதுக்கலாம். ஏ-9 வீதி ஓரத்து வாங்குக்கடைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. மழைக்கு ஒதுங்கியவர் உள்ளே நின்று பற்றவைத்தால் முதலாளியும் மாட்டிக்கொள்வார்.

விளையாட்டுக் கழகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிளேயர் கம்பனியின் இன்னொரு சிகரெட்டின் கறுப்பும் பொன்னுமான பெட்டி நிறத்தையே 1972 முதல் லோட்டஸ் பந்தயக் காருக்குப் பூசியிருந்தார்கள். இங்கே அப்படிச் செய்ய முடியாது. விளம்பரம், அனுசரணை, இலவச விநியோகம் மூன்றும் தடை. கரப்பந்துச் சுற்றுப்போட்டிக்கு யாராவது சிகரெட் பெயர் போட்ட பனர் தந்தால் வாங்காதீர்கள்.

தனிச் சிகரெட் விற்பதை 2006 சட்டமும் தடுக்கவில்லை, 2015 திருத்தமும் தடுக்கவில்லை. 80 வீதத்துக்காக அவ்வளவு பாடுபட்டவர்கள் இந்த ஓட்டையை விட்டுவிட்டார்களே என்பது என் குறை. முழுப்பெட்டி வாங்கக் காசில்லாத கூலித் தொழிலாளியும் முதல் சிகரெட்டைத் தொடும் இளைஞனும்தான் ஒன்றொன்றாக வாங்குகிறார்கள். படம் போய்ச் சேரவேண்டியது அவர்களிடம்தானே.

அப்புறம், படமே இல்லாத பெட்டியோ தமிழ், சிங்கள எச்சரிக்கை இல்லாத பெட்டியோ மலிவு விலைக்கு வந்தால் அது கள்ளக் கடத்தலில் வந்ததாகத்தான் இருக்கும். அதை அடுக்கி வைத்து, சோதனைக்கு வருகிறவரிடம் “தெரியாமல் வாங்கிவிட்டேன்” என்று சொல்வதில் பயனில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொலிஸ், மதுவரி அதிகாரி ஆகியோர் இந்தச் சட்டத்தின் கீழ் சோதனை செய்யலாம். முறைப்பாடு இருந்தால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பரிசோதகரைச் சந்தித்துச் சொல்லலாம்.